இளவேனில் விழாவும் மக்கட் பாடலும்

ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தமிழ் மக்கள், கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அவற்றிற்குப் பெயரிட்டு வழங்கினர். அவற்றுள் சித்திரையும் வைகாசியுமாகிய இரு திங்களும் இளவேனில் எனப்படும். பனி நீங்கி, மரங்கள் தளிர்த்து, மாவும் வேம்பும் பூத்து, குயில் கூவும் இக்காலத்தை வடநூலார் வசந்தம் என்பர். பங்குனித் திங்களிற் கால்கொண்டு வைகாசி ஈறாக நிகழும் விழாக்கள் யாவும் இப்பருவத்தின் வருகையோடு தொடர்புடையன. விழா உளதாயின் ஆண்டுப் பாட்டும் உளதாம். அரண்மனையிலும் அவையிலும் பாடப்பட்ட செய்யுட்களின் வரலாற்றை எழுதினோர் பலர். ஆயின், தெருவிலும் களத்திலும் ஊஞ்சலிலும் கடற்கரையிலும் பொதுமக்கள் பாடிய வேனிற் பாடல்களின் வரலாறு தனித்து நோக்கப்பெற்றது குறைவே. அப்பாடல்கள் எவ்வாறு தோன்றின, புலவர் அவற்றை எவ்வாறு போற்றினர், ஈழநாட்டில் அவை எவ்வாறு நிலைபெற்றன, இன்று அவற்றின் நிலை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

வேனில் விழாவிற்குரிய முதற் காரணம் உழவுத் தொழிலிலேயே உளது. மாரிமழையை நம்பி விதைத்த நெல் தையிலும் மாசியிலும் அறுவடையாகும். பங்குனியிற் களம் ஒழியும், கூடு நிறையும், அடுத்த உழவு தொடங்குமுன் உழவனுக்கும் அவனது எருதுக்கும் ஓய்வு கிட்டும். கையில் நெல்லும் மெய்யில் ஓய்வும் வாய்த்த அக்காலமே விழா எடுத்தற்கு ஏற்ற காலமாயிற்று. நிலவொளி மிக்க இரவுகளும் மழையற்ற வெளியும் கூத்திற்கும் பாட்டிற்கும் துணையாயின. எனவே விழாவின் அடிப்படை உழவனது ஆண்டுக் கணக்கே என்பது தெளிவு. புராணக் காரணங்கள் அதன்மேல் எழுந்தவை.

இனி, தமிழ்ச் செய்யுளில் இளவேனிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிறநாட்டுப் புலவர் பலர் இப்பருவத்தை மகிழ்ச்சியின் பருவமாகவே பாடினர். தமிழிலக்கண நூலார் வேனிலைப் பாலைத் திணைக்கு உரிய பொழுதாக வைத்தனர். பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடிச் சென்ற தலைவன், இளவேனில் வருமுன் மீள்வேன் என்று சொல்லிச் செல்கின்றான். மரங்கள் பூக்கின்றன; குயில் கூவுகின்றது; ஆற்றில் அறல் தெளிகின்றது; ஊரார் விழாக் கொண்டாடுகின்றனர்; அவன் மட்டும் வரவில்லை. கலித்தொகையின் பாலைக்கலியில் இத்துறைப் பாடல்கள் பல உள. காமவேளுக்கு எடுக்கும் விழாவைத் தலைவியர் தம் துணைவரோடு கூடிக் கொண்டாடும் செய்தியும், அவ்விழாவிற் கலக்க இயலாது தனித்திருப்பவளின் துயரமும் அவற்றிற் பேசப்படுகின்றன. ஊரின் களிப்பு மிகுதோறும் தனித்தவளின் வருத்தம் மிகும் என்பதே அப்புலவர் கண்ட உண்மை. இக்கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை என்பது ஈழத்தவர் மறவாது நினைத்தற்குரியது.

அகநானூற்றின் 137ஆம் பாட்டு இவ்வகையில் மிகவும் அரியது. உறையூர் முதுகூத்தனார் பாடியது அது. சோழரது உறந்தையில், காவிரிக் கரையில் நிகழும் பங்குனி விழாவை அவர் குறிப்பிடுகின்றார். ஆயின் அவர் காட்டுவது விழா நாளையன்று. விழாக் கழிந்த மறுநாளையே காட்டுகின்றார். உதிர்ந்த பூவும் இலையும் கிடக்கும் சோலையில், முதல்நாட் பலர் கூடிச் சமைத்துண்ட அடுப்புக்கள் தீயவிந்து கிடக்கின்றன. பிரிவினால் ஒளியிழந்த தலைவியின் மேனிக்கு அவ்வெறுமையே உவமையாகின்றது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன் மக்கள் ஆற்றங்கரைச் சோலைக்குச் சென்று, அங்கேயே அடுப்பு மூட்டி, உண்டு, ஆடிப்பாடி மகிழ்ந்தனர் என்னும் வரலாற்றுச் செய்தி இவ்வுவமையினால் நமக்குக் கிடைக்கின்றது. விழாவின் ஆரவாரத்தைப் பாடிய செய்யுள் பல; தீயற்ற அடுப்பைப் பாடியது இஃது ஒன்றே எனலாம்.

வேனில் விழாவை முழுமையாகக் காட்டும் நூல்கள் சிலப்பதிகாரமும் மணிமேகலையுமே. இவற்றின் காலத்தை இரண்டாம் நூற்றாண்டென்பார் ஒரு சாரார். ஐந்தாம் நூற்றாண்டிற்கும் பிற்பட்டதென்பார் மற்றொரு சாரார். காலம் எதுவாயினும், காவிரிப்பூம்பட்டினத்தில் நிகழ்ந்த இந்திரவிழா பற்றி அவை தரும் செய்திகள் மிக விரிவானவை. அகத்திய முனிவர் கூறத் தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் இவ்விழாவைத் தொடக்கினான் என்பது மணிமேகலையின் கூற்று. சித்திரைத் திங்களிற் சித்திரை நாண்மீனோடு முழுமதி கூடும் நாளையொட்டி, இருபத்தெட்டு நாள்கள் அது நிகழ்ந்தது. யானையின் பிடரில் முரசேற்றி வள்ளுவன் விழாவினை நகர மாந்தர்க்கு அறிவித்தான். தெருக்களிற் பழமணல் நீக்கிப் புதுமணல் பரப்புக; தோரணம் கட்டுக; பூரண கும்பமும் பாலிகையும் வைக்க; அறம் உரைப்போர் பந்தரின்கீழ் அமர்ந்து உரைக்க; சமயவாதிகள் பட்டிமண்டபத்தேறி வாதிடுக; பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாது விலகிச் செல்க எனப் பலவாறு அவன் அறிவித்ததாகச் சாத்தனார் கூறுவர். ஊர் முழுதும் ஒருமித்துக் களிக்கும் காலத்துப் பூசல் எளிதில் எழும் என்பதை உணர்ந்த அரசின் கட்டளை இது. பெருநகரொன்றின் ஒழுங்கும் அதன் களிப்பும் ஒருங்கே அதிற் காணப்படுகின்றன.

சிலப்பதிகாரத்தின் ஐந்தாம் காதை அவ்விழாவை வருணிக்கின்றது, ஆறாம் காதை விழாவின் முடிவில் மக்கள் கடலாடச் செல்வதைக் கூறுகின்றது, ஏழாவது கானல்வரி, எட்டாவது வேனிற்காதை. இந்நான்கும் ஒரு தொடர். கானல்வரியிலே கோவலனும் மாதவியும் கடற்கரையில் அமர்ந்து யாழிசையோடு மாறி மாறிப் பாடுகின்றனர். அவர்கள் பாடியன வரிப்பாடல்கள். ஆற்றுவரி, சார்த்துவரி, நிலைவரி, முரிவரி, சாயல்வரி என்றிவ்வாறு பல வகைகள் அங்கு உள. ஆற்றையும் கடலையும் பரதவர் சேரியையும் உப்பையும் மீனையும் பொருளாகக் கொண்டு, ஒரே அடி மீண்டும் மீண்டும் வர, மும்மூன்றாக அடுக்கி வரும் அவ்வமைப்புப் பொதுமக்கட் பாடலின் அமைப்பேயாகும். கேட்போரும் உடன் பாடத்தக்க வண்ணம் அமைந்த பாடல்கள் அவை. அக்காலத்து நகர மாந்தர் நன்கறிந்த மெட்டுக்களில் இளங்கோவடிகள் அவற்றை யாத்திருத்தல் வேண்டும்.

இங்கு ஒன்று சிந்தித்தற்குரியது. காப்பியத்தின் திருப்புமுனை போர்க்களத்திலோ அரசவையிலோ நிகழவில்லை. விழாக் காலத்து விளையாட்டுப் பாட்டொன்றில் நிகழ்ந்தது. கோவலன் பாடியதைக் கேட்ட மாதவி அவன் வேறொருத்தியை நினைந்தான் எனக் கருதினாள். ஊடலால் தானும் வேறொருவனைக் கருதினாள்போற் பாடினாள். அவன் அதனை மெய்யெனக் கொண்டு பிரிந்தான். பாட்டினைச் சாக்காகக் கொண்டு ஊழ் வந்து மூண்டது என்பது அடிகளின் கருத்து. அடுத்த காதையில் இளவேனில் வருகின்றது. தாழை மடலிற் பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு மாதவி மடல் எழுதி, வசந்தமாலை என்னும் தோழியின் கையிற் கொடுத்தனுப்புகின்றாள். தூது செல்பவளின் பெயரே வசந்தமாக அமைந்தும் மடல் ஏற்கப்படவில்லை. அதன் பின்னர் நிகழ்ந்தவை மதுரையின் எரியும் கண்ணகியின் வழிபாடும் ஆகும். எல்லோரும் பாடும் பாட்டிலே தன் நெஞ்சினைப் பிறர் காண்பர் என்று அஞ்சுவதும், பிறர் நெஞ்சினைத் தான் கண்டதாக மயங்குவதும் மக்களியல்பு. வேனிற் பாட்டின் ஆற்றலை இதனினும் நன்கு விளக்கிய நூல் தமிழில் இல்லை.

மணிமேகலையின் ஆசிரியர் மற்றொரு புறத்தைக் காட்டுகின்றார். சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகர் மகள் பீலிவளைக்கும் பிறந்த மகவு மணிபல்லவத்திலிருந்து மரக்கலத்தில் வரும்போது கலம் சிதைந்து காணாமற் போயிற்று. மகனைத் தேடித் திரிந்த மன்னன் அவ்வாண்டு இந்திரவிழாவை மறந்தான். அதனாற் கடல் பொங்கிப் புகார் நகரை விழுங்கிற்று என்பது காப்பியச் செய்தி. மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என ஈழத்து ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். விழாவை மறந்தமையாற் கடல் கொண்டது என்பதை இன்றைய வரலாற்றாசிரியர் ஏற்கமாட்டார். எனினும், ஒரு நகரம் தன் விழாவை மறத்தலும் அந்நகரம் அழிதலும் ஒன்றே என்று அக்கால மக்கள் எண்ணினர் என்பது இக்கதையாற் புலனாகும் வரலாற்று உண்மையாகும்.

இந்திரன், காமன், வசந்தம் ஆகிய பெயர்கள் வடக்கிலிருந்து வந்தன. ஆதலால் வேனில் விழாவும் அங்கிருந்தே வந்தது என்று கூறுவாருளர். இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. தொல்காப்பியர் மருத நிலத்துத் தெய்வத்தை வேந்தன் எனச் சுட்டினர். அத்தெய்வத்தை உரையாசிரியர் இந்திரன் என்றனர். காமதகனக் கதையும் பொதுப் புராண மரபினதே. ஆயின் பெயர் வந்த வழி ஒன்று. விழா வளர்ந்த வழி மற்றொன்று. நெல் விளையும் நாட்டில் அறுவடை முடிந்தபின் மக்கள் ஆடிப்பாடுதற்கு எவரும் கற்பித்துக் கொடுக்க வேண்டியதில்லை. பாடப்பட்ட வரியும் குரவையும் அம்மானையும் ஊசலும் பெயராலும் அமைப்பாலும் தமிழுக்கே உரியன. தெய்வத்தின் பெயர் மாறினும் பாட்டின் மெட்டு மாறவில்லை என்பதே பொருத்தமான முடிபு.

இம்முடிபிற்குச் சான்று சைவ வைணவ அடியார்களின் திருப்பாடல்களிலே கிடைக்கின்றது. ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் திருமயிலையிற் பாடிய பூம்பாவைப் பதிகம் ஆண்டின் விழாக்களை முறையே எடுத்துரைக்கின்றது. ஓணம், விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்பவற்றின்பின் பங்குனி உத்திரமும், பொன்னூஞ்சல் விழாவும் அதிற் குறிக்கப்படுகின்றன. இறந்த பெண்ணை நோக்கி, இவ்விழாக்களைக் காணாமலே போவாயோ என்று கேட்கும் முறையில் அப்பதிகம் அமைந்திருக்கின்றது. ஒருவரது வாழ்வு என்பது அவர் கண்ட விழாக்களின் தொகை என்னும் எண்ணம் அதன் அடியில் உளது.

மணிவாசகப் பெருமான் மகளிர் விளையாட்டுப் பாடல்களை ஒருசேர எடுத்தாண்டார். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்பன யாவும் பூக்கொய்தும் பந்தாடியும் சுண்ணம் இடித்தும் ஊசலாடியும் மகளிர் பாடிய பாடல்களின் வடிவங்களே. குயிற்பத்தில் வேனிற் குயில் இறைவனை அழைக்கும் தூதாயிற்று. ஆண்டாள் தமது நாச்சியார் திருமொழியின் முதற் பகுதியில், தையிலிருந்து பங்குனி வரை காமனை நோன்பிருந்து வேண்டும் கன்னியாகத் தம்மைப் பாடினார். சங்க காலத்துக் காமவேள் விழா கன்னியரது நோன்பாக அவர் காலத்தும் வழங்கியமைக்கு அது சான்று. பேரடியார் எவரும் மக்கட் பாடலை இழிந்ததென ஒதுக்கவில்லை. மக்கள் நெஞ்சிற் புகுவதற்கு அதுவே வாயில் என அவர்கள் அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில் வேனில் விழா கோயிலினுள்ளே வசந்தோற்சவமாக நிலைபெற்றது. மதுரையில் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மீனாட்சியம்மை கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே கட்டிய புதுமண்டபம் வசந்த மண்டபம் என்றே வழங்கப்படும். வெயிலின் வெம்மை தணியச் சூழ நீர் நிறுத்தி, நடுவே இறைவனை எழுந்தருளச் செய்து வைகாசியில் விழா எடுத்தற்கென அது அமைக்கப்பட்டது. ஈழத்துச் சிவாலயங்களிலும் முருகன் கோயில்களிலும் வசந்த மண்டபம் இல்லாத கோயில் அரிது. ஆண்டு முழுதும் உற்சவமூர்த்தி வீற்றிருக்கும் இடமாக அது விளங்குதலின், அப்பெயருக்குரிய பருவத்தை இன்று பலர் நினைப்பதில்லை. சொல்லொன்று விழாவொன்றின் நினைவை எவ்வாறு தாங்கி நிற்கும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு. பதினெட்டாம் நூற்றாண்டிற் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தம் தலைவிக்கு வசந்தவல்லி எனப் பெயரிட்டு, அவள் பந்தாடும் காட்சியைத் துள்ளும் நடையில் அமைத்தார். தஞ்சையை 1676 முதல் மராட்டியர் ஆண்டபோது அவர்களோடு வந்த லாவணி, காமன் பண்டிகைப் பாட்டாக மாறிற்று. காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மற்றொரு கட்சியும் இரவு முழுதும் பாடி வாதிடுவது அதன் இயல்பு.

ஈழநாட்டில் வேனிற் பாடல்கள் மிகுதியாக வழங்கிய பகுதி மட்டக்களப்பு. அங்கு வசந்தன் என்னும் ஆடல் நெடுங்காலமாக உளது. சிறுவரும் இளைஞரும் கைகளிற் கோல்கொண்டு வட்டமாக நின்று, அண்ணாவியாரின் பாட்டிற்கும் மத்தள தாளத்திற்கும் ஏற்பக் கோலடித்து ஆடுவர். வசந்த காலத்தில் ஆடப்படுதலின் இப்பெயர் பெற்றது என்பர். வேளாண்மை செய்யும் முறையும், அறுவடையும், தெய்வங்களின் சிறப்பும், அனுமன் முதலியோர் கதையும் அப்பாடல்களிற் பொருளாகும். உழுதலும் விதைத்தலும் வெட்டுதலும் சூடு மிதித்தலும் ஆட்டத்தின் அசைவுகளாகவே அமையும். ஆகவே களத்தில் உழைத்த உடம்பு, களம் ஒழிந்தபின் அதே உழைப்பினை விளையாட்டாக மீண்டும் நடித்துக் காட்டுகின்றது. வேனில் விழாவிற்கும் உழவிற்கும் உள்ள தொடர்பு இதனால் வெளிப்படை. யாழ்ப்பாணத்திலும் வசந்தன் ஆடும் வழக்கு இருந்தது. மட்டக்களப்பில் வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்து, மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு என்னும் பெயரால் தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். படித்தோர் நாட்டுப் பாடலைப் பாட்டென மதியாத அக்காலத்து, ஏட்டிலும் வாயிலும் கிடந்த அவற்றை அவர் அச்சேற்றியமை பெரும்பணியாகும்.

மட்டக்களப்பின் மற்றொரு வேனில் விழா கண்ணகியம்மன் சடங்கு. ஆண்டுக்கொரு முறை வைகாசித் திங்களிற் கோயிற் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, இறுதியிற் குளிர்த்தி பாடிச் சடங்கினை முடிப்பர். மதுரையை எரித்த அம்மையின் வெம்மையைத் தணித்துக் குளிர்வித்தலே குளிர்த்தி. சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை, சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவிற்கு இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்தனன் எனக் கூறும். உரைபெறு கட்டுரையின்படி அவன் தன் நாட்டில் விழா எடுத்தது ஆடித் திங்களில். மட்டக்களப்பு மக்களோ வைகாசியிற் கொண்டாடுகின்றனர். ஏட்டில் உள்ள திங்களை விட்டு, அவர்கள் தம் உழவிற்கும் வெயிலுக்கும் ஏற்ற திங்களைக் கொண்டனர் எனக் கருதுதல் பொருந்தும்.

இங்கு வேனிலின் இருண்ட பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். வெயில் முதிரும் காலம் அம்மை நோயின் காலமாகும். வங்க மொழியில் வசந்தம் என்னும் சொல்லே அம்மை நோயையும் குறிக்கும். மலரைக் கொணரும் பருவமே மரணத்தையும் கொணர்ந்தது. குளிர்த்திப் பாடல் அக்காலத்துத் தாய்மாரின் அச்சத்திற் பிறந்த பாடல். மழை பெய்யவும் நோய் நீங்கவும் வேண்டி ஊர் ஒன்றாய் நின்று பாடியது அது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நோய் ஒழிந்த பின்னும் குளிர்த்தி ஒழியவில்லை. அச்சம் நீங்கிய இடத்தில் நன்றி நின்றது போலும்.

இச்சடங்கினைச் சார்ந்தது கொம்பு விளையாட்டு. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிவர். வடசேரி கோவலனது பக்கம். தென்சேரி கண்ணகியின் பக்கம். வலிய கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி வடம் பூட்டி இழுப்பர். எவரது கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். வென்றவர் தோற்றவரைப் பழித்துப் பாடும் பாடல்கள் நகைச்சுவையும் வசையும் கலந்தவை. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டின் பகுதியாக நிகழும் அங்கெலிய என்பதும் இத்தகையதே. புகாரின் கடற்கரையில் ஒரு வேனில் விழாவின் ஈற்றிலே இருவர் மாறி மாறிப் பாடியதனால் ஒரு குடும்பம் அழிந்தது. அக்குடும்பத்தின் பெயரால், கடல்கடந்த ஓர் ஊரில், மற்றொரு வேனிற் காலத்தில் இரு சேரியார் மாறி மாறிப் பாடி, ஈற்றில் ஒருமித்து அம்மையை வணங்குகின்றனர். காப்பியத்திற் பிரித்த பாட்டு ஊரிலே கூட்டுகின்றது. இளங்கோவடிகள் கண்டிருப்பின் வியந்திருப்பர்.

யாழ்ப்பாணத்தில் வேனிலுக்கு உரியது ஊஞ்சல். சித்திரை வருடப்பிறப்பன்று வேம்பிலும் புளியிலும் பூவரசிலும் ஊஞ்சல் கட்டி ஆடுதல் வழக்கம். வீட்டு ஊஞ்சலிற் பாடிய பாடலின் வடிவமே கோயிலிலே திருவூஞ்சலாயிற்று. ஈழத்துப் புலவர் தத்தம் ஊர்த் தெய்வத்தின்மேல் ஊஞ்சற் பிரபந்தம் பாடினர். மகோற்சவ முடிவிற் சுவாமியை ஊஞ்சலில் இருத்தி அவற்றைப் பாடும் மரபு இன்றும் உளது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வரும் ஊசல்வரி, திருவாசகத்தின் பொன்னூசல், ஊர்க்கோயிலின் திருவூஞ்சல் ஆகிய மூன்றினையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, மரக்கிளையில் ஆடிய பெண்களின் மெட்டு நூற்றாண்டுகளைக் கடந்து வந்த வழி புலனாகும்.

மலையகத்திற்கு வேனிற் பாடல் சென்ற வரலாறு வேறு. 1820களின் பின்னர்க் கோப்பித் தோட்டங்களிலும், பின்பு தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் தம்முடன் காமன் கூத்தினைக் கொணர்ந்தனர். மாசித் திங்களில் அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் நாட்டி, ரதி மதன் வேடம் பூண்டோர் தப்பு முழங்க லயன்தோறும் ஆடிச்சென்று, பூரணையையொட்டிக் காமனை எரிப்பர். கணவனை இழந்த ரதி புலம்பும் பாடல்கள் கேட்போரைக் கண்ணீர் வடிக்கச் செய்வன. எரிந்தவன் மீண்டும் எழுவான் என்னும் நம்பிக்கையோடு கூத்து முடியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. அரை நூற்றாண்டிற்கு மேலாக எந்நாட்டார் என்று சொல்ல இயலாதிருந்த மக்கள், ஆண்டுதோறும் காமன் கம்பம் நாட்டினர். நிலம் தமதன்றாயினும் விழா தமதே என அவர்கள் கொண்டனர். வரலாற்று நூல்கள் சட்டங்களின் ஆண்டுகளைக் குறிக்கும். அவ்வாண்டுகளில் மக்கள் எவ்வாறு மனந்தளராது வாழ்ந்தனர் என்பதை அறியக் கூத்துப் பாடல்களையே நாடுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் மக்கட் பாடலின் வழி மாறிற்று. கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியது. 1931இற் பேசும் தமிழ்ப் படம் வெளிவந்தது. ஒருவர் பாட ஊரார் உடன்பாடிய காலம் கழிந்து, ஒருவர் பாட நாடு முழுதும் கேட்கும் காலம் வந்தது. திரைப்பாடல்கள் வசந்தத்தையும் குயிலையும் தென்றலையும் பாடாமலில்லை. அவற்றுட் பல மக்கள் நாவில் நிலைத்தன. அவற்றை வெறுத்தொதுக்குதல் நேர்மையன்று. வரிப்பாடலும் லாவணியும் தத்தம் காலத்துப் புதுமைகளே. ஆயினும் ஒரு வேறுபாடு உளது. திரைப்பாடல் எத்திங்களிலும் கேட்கப்படும். வசந்தன் பாடலோ களம் ஒழிந்த பின்னரே பாடப்படும். பருவத்தோடும் தொழிலோடும் ஊரோடும் பாட்டினைப் பிணித்த கயிறு அறுந்தது என்பதே மாற்றத்தின் உட்பொருள்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்து இசைநுணுக்கங்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலைத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். மாதவி மீட்டிய யாழ் எத்தகையது என அறிய ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளைச் செலவிட நேர்ந்தது. இசை மறைந்தபின் அதனை மீட்டல் எத்துணை அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டா. சொல் ஏட்டில் நிற்கும். மெட்டும் ஆட்டமும் பாடுவோர் உடம்பிலன்றி நில்லா. 1940இல் அச்சேறிய வசந்தன் பாடல்களைப் படிப்பார்க்குச் சொற்கள் உள; அவை எந்த இசையில், எந்தக் கோலடியில் அமைந்தன என்பதை அண்ணாவியாரே அறிவர்.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரத்தை அழித்தது. புகாரைப்போல இங்கும் கடல் ஊருட் புகுந்தது. அஃது எவரும் விழாவை மறந்தமையால் வந்ததன்று. ஆயின் கடல் மீண்டபின் வைகாசியிற் கண்ணகி கோயிற் கதவுகள் திறந்தன, குளிர்த்தி பாடப்பட்டது. விழாவை மறந்ததனால் ஊர் அழிந்தது என்பது பழங்கதை. ஊர் அழிந்த பின்னும் விழாவை மறவாதிருந்தனர் என்பது கண்முன் நிகழ்ந்த வரலாறு.

ஆகவே, எஞ்சியிருக்கும் அண்ணாவிமாரிடமும் முதியோரிடமும் சென்று, சொல்லோடு மெட்டினையும் ஆட்டத்தினையும் ஒலிப்பதிவு செய்து காத்தல் கல்வி நிலையங்களின் கடனாகும். தமிழாசிரியர் சிலப்பதிகாரத்துக் கானல்வரியைக் கற்பிக்கும்போது, மாணவரின் பாட்டிமார் பாடிய ஊஞ்சற் பாட்டினையும் உடன்வைத்துக் கற்பிப்பாராயின், ஏடும் ஊரும் ஒன்றையொன்று விளக்கும். உறந்தைச் சோலையிற் கிடந்த தீயற்ற அடுப்பினை முதுகூத்தனார் கண்டு பாடினார். அடுத்த பங்குனியில் மக்கள் மீண்டும் வந்து அவ்வடுப்பினை மூட்டியிருப்பர். வேனில் ஆண்டுதோறும் தானே வரும். பாட்டினை மக்களே கொணர்தல் வேண்டும்.